கிட்ட வந்ததற்கு விழுந்த அடி

அப்பா,

போன மாதம் ஒரு சாயங்காலம் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் உங்கள் குரலைக் கேட்டேன். நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. அதனால் திரும்பிப் பார்க்கவே கொஞ்சம் தயங்கினேன்.

யாரோ பெரிய மனிதர் அந்த வழியாகப் போகிறார் என்று மத்தியானத்திலிருந்தே போலீஸ் நின்றிருந்தது. காக்கி பேன்ட் போட்ட ஒரு பெண் காவலர் கறுப்பு லாப்ரடார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருக்கைகளுக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பழக்கடையின் கூடைகளுக்கு நடுவில் என்று தேடிக்கொண்டு வந்தாள். செஞ்சி வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு சாக்கு மூட்டை. நாய் அதன் பக்கத்தில் போய்ச் சட்டென்று உட்கார்ந்தது. வெடி இருந்தால்தான் அப்படி உட்காரும். நாலு பேர் ஓட ஆரம்பித்தார்கள். "பயப்படாதீங்க, நாங்களே வெச்சதுதான், நாய்க்கு டெஸ்ட்டு" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து நாயிடம் போட்டாள். அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. "ஆ... என் தங்கோ... என் கண்ணு... யாரு கண்டுபுடிச்சது, யாரு?"

அது அவளுடைய குரல் இல்லை. மெலிந்து, உச்சிக்குப் போய், ஊரே பார்க்கிறதே என்ற வெட்கமில்லாமல் குழைகிற குரல். மீசை வைத்த தலைமைக் காவலரான உங்கள் தொண்டையிலிருந்து அதே குரல் உங்கள் மோப்ப நாய் ஷீலாவுக்காக எத்தனை ஆயிரம் தடவை வந்திருக்கும். நாய் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் குரல் வந்துவிடும் போலிருக்கிறது. அது வீட்டுக்குள் வந்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று நான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நிலையைச் சொல்ல வேண்டும். உங்கள் பேத்தி யாழினி பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். மூன்றாம் செமஸ்டரில் எல்லாம் பாஸ் என்று சொன்னாள். நான் எங்கள் பி.எட். கல்லூரியின் ஆசிரியர் அறையில் பாதுஷா வாங்கிக் கொடுத்தேன். நான் இனிப்பு வாங்கிக் கொடுக்கிற ஆள் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இரண்டு வாரம் கழித்து, அன்று மத்தியானம், அதே பாதுஷாவைத் தின்ற ஒருவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "உங்க பொண்ணுக்கு ரெண்டு அரியராமே சார், எங்க அண்ணன் பொண்ணு அதே கிளாஸ்தான்" என்றார். ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரின் முகமும் எனக்கு நினைவிருக்கிறது. இன்னும் பத்து வருடம் கழித்தும் இருக்கும். நான் அப்படிப்பட்டவன்.

ஆகவே அந்தப் பேருந்து நிலையத்தில் நின்றபோது என் வாய்க்குள் வாக்கியங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றையும் தீட்டி வைத்திருந்தேன். உங்களைப் போல நான் பெல்ட்டை எடுப்பவன் இல்லை. எனக்கு வாய் போதும். வீட்டுக்குள் நுழைந்து அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, அவள் இனி ஒரு நாளும் என்னிடம் பொய் சொல்லாதபடி செய்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்தக் காவலர் நாயைக் கொஞ்சிய குரல் என்னைப் பேருந்து நிலையத்தின் தூண் ஒன்றில் சாய்ந்து நிற்க வைத்தது. யாழினியை எதைச் செய்யவிடாமல் ஆக்கப் போகிறேன் என்று யோசித்தேன். பொய் சொல்வதையா, என்னிடம் வருவதையா?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். எனக்கு என்று கற்றுக்கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டேன்.

விழுப்புரம் தனி மாவட்டமான புதிதில் உங்கள் காவல் பிரிவுக்கு மோப்ப நாய்கள் வந்தன. காவலர் குடியிருப்புக்குப் பின்னால் முள்வேலி போட்ட மைதானம். ஷீலா வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவள். இரண்டு வயது, வைக்கோல் நிறம். மூக்கு நல்ல மூக்கு என்று சான்றிதழில் எழுதியிருந்தார்கள். ஆனால் கூப்பிட்டால் வரமாட்டாள். யாரோ ஒருவர் முன்பு அவளைக் கெடுத்திருக்கிறார் என்று நீங்கள் முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். மனிதன் எழுந்து நின்றால் பின்வாங்கினாள். கையை நீட்டினால் படுத்துக்கொண்டாள். பட்டையைப் போடுவதற்குள் உங்களுக்கு வேர்த்துவிடும்.

நீங்கள் அவளைக் கூப்பிடவே இல்லை. காலை ஆறு மணிக்கு மைதானத்தின் நடுவில் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். கையில் அவித்த முட்டை. ஒரு மணி நேரம். பிறகு முட்டையை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்தீர்கள். மறுநாளும் அப்படியே. வேலிக்கு வெளியே பல் தேய்த்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற காவலர்கள் கேலி செய்தார்கள். "ஏட்டய்யா முட்டை வெச்சு முனீஸ்வரனுக்குப் படைக்கிறாரு" என்றார்கள். நீங்கள் கண்டுகொள்ளவில்லை. ஆறாவது நாளோ ஏழாவது நாளோ அவள் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து சட்டையை முகர்ந்தாள். நீங்கள் திரும்பவில்லை. தொடவில்லை. அவள் மூக்கு உங்கள் கைக்கு வந்தபோதுதான் அந்தக் குரல் முதல் தடவை கேட்டது.

அவ்வளவு பொறுமை உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அது நம் வீட்டு ஆளிடம் இருக்கிறது என்பதும்.

அடுத்த வருடம் நான் ஒன்பதாம் வகுப்பு. உங்களோடு புதிதாக ஒரு காவலர் சேர்ந்தார். அவருக்குக் கொடுத்த டாபர்மேன் ஒரு காலையில் வேலியைத் தாண்டி ரயில் பாதைப் பக்கம் ஓடிவிட்டது. அவர் அரை மணி நேரம் தொண்டை வறளக் கத்தினார். கடைசியில் அது தானாகத் திரும்பி, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர் காலடியில் வந்து நின்றது. அவர் ஓங்கி ஒன்று வைத்தார். நீங்கள் அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்தது எனக்கு இன்னும் தெரிகிறது. ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தீர்கள்.

"இன்னா பண்ற நீ? ஓடிப்போனதுக்கு அடிக்கிறேன்னு நீ நெனச்சிக்கினு இருக்க. அதுக்கு அப்படித் தெரியாது. கிட்ட வந்தேன், அடி வுழுந்துச்சி, அவ்ளோதான் அதுக்குத் தெரியும். நாளைக்கு நீ வான்னா எப்படி வரும்? எவ்ளோ தப்பு பண்ணிட்டு வந்தாலும் வந்ததுக்கு அடிக்கக் கூடாது. வந்தாச்சு இல்ல? கொஞ்சு."

அந்தக் காவலர் தலையைக் குனிந்துகொண்டு நாயைக் கொஞ்சினார். அவருக்கு அந்தக் குரல் சரியாக வரவில்லை. நீங்கள் சிரித்தீர்கள்.

அன்றைக்கு என் புத்தகப் பையில் ஒரு ரேங்க் கார்டு இருந்தது. கணக்கில் இருபத்தெட்டு. நான்கு நாட்களுக்கு முன்பு உங்கள் கையெழுத்தை நானே போட்டு வகுப்பில் காட்டிவிட்டு வந்திருந்தேன். ஆசிரியர் பார்த்தார், டிக் போட்டார், முடிந்துவிட்டது. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் நான்கு நாட்களாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் அந்தக் காவலரிடம் பேசியதைக் கேட்டபோது மனசுக்குள் ஏதோ ஒன்று அவிழ்ந்தது போலிருந்தது. இவரிடம் சொல்லலாம், இவருக்குத் தெரியும், தானாக வந்தவனை அடிக்கக் கூடாது என்று இவருக்குத் தெரியும் என்று நினைத்தேன். நாய்க்காகச் சொன்ன விதி எனக்கும் பொருந்தும் என்று நினைத்தது என் தப்பு. நாய் வளர்க்கிற போலீஸ்காரர் வீட்டுப் பையன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

சாயங்காலம் நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்து ஷீலாவின் தோல்பட்டைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தீர்கள். கார்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். சொன்னேன். முழுசாகச் சொன்னேன், எந்தப் பேனாவில் போட்டேன் என்பது வரைக்கும்.

நீங்கள் கார்டைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். "நீயே வந்து சொல்ற அளவுக்குத் தைரியம் வந்துடுச்சா ஒனக்கு?" என்றீர்கள்.

அதன் பிறகு நீங்கள் செய்த ஒரு காரியத்தை நான் முப்பது வருடமாகச் சுமக்கிறேன். கையிலிருந்த தோல்பட்டையை அப்படியே வீசியிருக்கலாம். இல்லாவிட்டால் அதாலேயே அடித்திருக்கலாம். நீங்கள் எழுந்து போய் அதை ஆணியில் மாட்டினீர்கள். கை எண்ணெயைத் துணியில் துடைத்தீர்கள். பிறகு இடுப்பிலிருந்து பெல்ட்டைக் கழற்றினீர்கள். நாய்ப்பட்டையால் யாரையும் அடிக்கக் கூடாது, அந்தப் பட்டையைக் கண்டாலே நாய்க்குச் சந்தோஷம் வர வேண்டும், அதில் அடியின் ஞாபகம் ஒட்டக் கூடாது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். கோபத்திலும் அதை மறக்கவில்லை. அவ்வளவு நிதானம் இருந்தது. அம்மா சமையலறை வாசலில் நின்றாள். "போதும் வுடுங்க, அவனாத்தானே சொன்னான்" என்று ஒரு தடவை சொன்னாள். அவள் சொன்னது உங்கள் சொந்தப் பாடம்தான். உங்கள் காதில் விழவில்லை.

நான் நல்ல மாணவன், அப்பா. ஒரே தடவையில் கற்றுக்கொண்டேன். கிட்ட வந்தேன், அடி விழுந்தது. அவ்வளவுதான் எனக்கும் தெரிந்தது.

அதற்குப் பிறகு உங்களிடம் உண்மை என்று ஒன்றும் வரவில்லை. பிளஸ் டூ தேர்வன்று ஜுரம் இருந்ததைச் சொல்லவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன் என்றேன், போடவே இல்லை. உடல் தகுதியில் கழித்துவிட்டார்கள் என்று கதை சொன்னேன், உங்கள் முகம் விழுந்ததைப் பார்த்து உள்ளுக்குள் மகிழ்ந்தேன். திண்டிவனத்தில் வேலை கிடைத்ததைச் சேர்ந்து இரண்டு மாதம் கழித்துச் சொன்னேன். என்னைவிட எட்டு வயது சின்னவனைக் கல்லூரி முதல்வராக்கி என்னைக் கடந்துபோனார்களே, அதைக் கடைசி வரை உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம்பையன் ஒரு தப்புத் தண்டாவுக்கும் போனதில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கண்ணில் படாமல் செய்யக் கற்றுக்கொண்டவனை நீங்கள் ஒழுக்கமானவன் என்று எடுத்துக்கொண்டீர்கள். நாய் விஷயத்தில் இப்படி ஏமாந்திருக்க மாட்டீர்கள்.

பரிசு என்று நீங்கள் கொடுத்தது ஒன்றுதான். அடி விழாத நாள். முதல் ரேங்க் வாங்கி வந்தபோது அட்டையைத் திருப்பிக் கொடுத்து, "அடுத்த தடவையும் இது குறையக் கூடாது" என்றீர்கள்.

இதையெல்லாம் வைத்துத்தான் நான் பிழைக்கிறேன் என்பது ஒரு வேடிக்கை. வருங்கால ஆசிரியர்களுக்குக் கல்வி உளவியல் நடத்துகிறேன். வெகுமதியும் தண்டனையும் கற்றலை எப்படி மாற்றுகின்றன என்ற பாடம் வந்தால் மணி அடித்தது தெரியாமல் பேசுவேன். பாராட்டு எப்போது தர வேண்டும், செயல் முடிந்து எவ்வளவு சீக்கிரத்தில் தர வேண்டும், தாமதமானால் அது எந்தச் செயலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதற்கெல்லாம் ஷீலாவைத்தான் உதாரணம் சொல்வேன். யாருடைய நாய் என்று சொல்ல மாட்டேன். ஒரு மாணவி எழுந்து, "தண்டனையால யாரும் எதுவும் கத்துக்கவே மாட்டாங்களா சார்?" என்று கேட்டாள். நன்றாகக் கற்றுக்கொள்வார்கள் என்றேன். நாம் கற்பிக்க நினைத்ததை மட்டும் கற்க மாட்டார்கள். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அது பாடப் புத்தகத்தில் இல்லை, வாசற்படியில் படித்தது.

இதுவரை எழுதியதெல்லாம் உங்கள் மேல் நான் வைத்திருக்கும் வழக்கு. இதை எப்போது கேட்டாலும் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பேன். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அதை யாரிடமும் ஒப்பித்ததில்லை.

அம்மா போன பிறகு நீங்கள் விழுப்புரம் வீட்டில் தனியாக இருந்தீர்கள். நாற்பது கிலோமீட்டர் கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வீர்கள். முட்டி வலிக்கிறது என்பீர்கள். "மாத்திரை போட்டீங்களா? எத்தனை தடவ சொல்றது? சொன்னா கேட்டாத்தானே" என்பேன். தலை சுற்றுகிறது என்பீர்கள். "உப்பைக் கொறைங்கன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? நீங்களா வரவெச்சிக்கினா நான் இன்னா பண்றது?" என்பேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் ஒரு குறையோடு கிட்ட வந்தீர்கள். ஒவ்வொரு தடவையும் நான் ஒன்று வைத்தேன். வேண்டுமென்றா என்று கேட்டால், பாதி வேண்டுமென்றுதான்.

பிறகு நீங்கள் மாறிவிட்டீர்கள். "நல்லா இருக்கேன். நீ எப்படிக் கீற? சரி, வெச்சிடறேன்." வயதான காலத்தில் முணுமுணுப்பு இல்லாமல் பக்குவமாகிவிட்டார் என்று என் மனைவியிடம் சொன்னேன். எம்பையன் தப்புக்குப் போனதில்லை என்று நீங்கள் சொன்னீர்களே, அதே புத்திசாலித்தனம்தான்.

நீங்கள் போன அன்று, மாலைகளுக்கு நடுவில் பக்கத்து வீட்டு ரசூல் பாய் என் தோளைத் தொட்டுத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். கோட்டக்குப்பத்திலிருந்து வந்து உங்கள் தெருவில் தையல் கடை வைத்தவர், உங்களோடு தினம் டீ குடித்தவர். "நாலு நாளா மாரு வலிச்சிக்கினு இருந்துச்சி தம்பி அவருக்கு. சோடா வாங்கி வாங்கிக் குடிச்சிக்கினு உக்காந்துனு இருந்தாரு. ஒங்கிட்ட சொல்றேன்னு நானே போனை எடுத்தேன். வேணாம் பாய், சொன்னா கத்துவான்னாரு."

பாய் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் உள்ளே கிடக்கிறது.

நீங்கள் என்னைக் கெடுத்தீர்கள், நான் உங்களைக் கெடுத்தேன். இரண்டுக்கும் ஒரே முறை. எனக்குப் பதினான்கு வயது, உங்களுக்கு எழுபத்தொன்று, அவ்வளவுதான் வித்தியாசம். உங்களுக்காவது விதி தெரிந்திருந்தும் மகன் நாய் இல்லையே என்ற குழப்பம். நான் அதை வகுப்பறையில் நடத்திவிட்டு வந்து ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் மீறினேன்.

தூணில் சாய்ந்து நின்ற அந்தச் சாயங்காலம் இதுதான் ஓடியது. இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டேன். மூன்றாவதில் ஏறும்போது முடிவு செய்திருந்தேன். யாழினியை நான் கூப்பிடப் போவதில்லை. அவள் வர வேண்டும். எத்தனை நாள் ஆனாலும் சரி. பிடிவாதம் எனக்குப் புதிது இல்லை. இதுவரை அதைப் பகைக்கு மட்டுமே செலவழித்தேன். முதல் தடவையாக வேறு ஒன்றுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று இருந்தது.

வீட்டுக்குள் போனால் அவள் தலை நிமிராமல், "வாங்கப்பா" என்றாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. வாய்க்குள் வரிசையாக நின்றவற்றை அப்படியே விழுங்கினேன். கசந்தது.

எளிதாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை. பெரிய பொய்யை விட்டுவிட்டுச் சின்ன உண்மைகளிலிருந்து தொடங்கினேன். தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்துவிட்டேன் என்றாள், "சரி, பாத்தியே" என்றேன். செருப்பு அறுந்து போச்சு, போன் கண்ணாடி விரிசல் விட்டுடுச்சு என்று வந்தால் காரணம் கேட்காமல் இருந்தேன். மூன்றாம் நாள் என் மனைவி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "இன்னாங்க, ஒடம்புக்கு முடியலையா? ரெண்டு நாளா வீட்ல யாரையும் திட்டல." யாழினி அவளுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எட்டாவது நாள் கெடுத்துக்கொண்டேன். கல்லூரியில் அந்தச் சின்ன வயது முதல்வர் ஏதோ சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து கட்டில்மேல் கிடந்த ஈரத் துண்டுக்காக அவளைப் பிடித்துக்கொண்டேன். ஒரு துண்டுக்கு எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவு. அவள் அறைக்குள் போய்விட்டாள். அடுத்த மூன்று நாள் என்னிடம் வந்தது "ம்" மட்டும்தான். ஷீலா ஒரு தடவை யாரோ இரும்புக் கதவைச் சாத்திய சத்தத்தில் மறுபடி வேலி ஓரத்துக்குப் போய்விட்டாள். நீங்கள் சலித்துக்கொள்ளாமல் மறுநாள் ஆறு மணிக்கு முட்டையோடு போய் உட்கார்ந்தீர்கள். நானும் உட்கார்ந்தேன். சும்மா கூடத்தில், கைபேசி இல்லாமல், அவள் வந்தால் வரட்டும் என்று.

இருபத்துநான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பதினோரு மணி இருக்கும். தரையில் உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டையின் தோலை உரித்துக் கடலையைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வந்து சுவரோரமாக நின்றாள்.

"ப்பா, ஒண்ணு சொல்லணும். கத்தாம கேப்பீங்களா?"

"சொல்லு."

"போன செமஸ்டர் நான் பாஸாகல. மூணு பேப்பர் போச்சு."

எனக்கு இரண்டுதான் தெரியும். மூன்றாவது அவளாகக் கொண்டுவந்தது. அந்த ஒரு நொடியில் ஆசிரியர் அறையின் ஏழு முகங்களும் வந்தன, பாதுஷா வந்தது. கையிலிருந்த மல்லாட்டை நசுங்கி விரலெல்லாம் ஒட்டியது. உங்கள் அந்தக் குரல் எனக்கு வேண்டியிருந்தது. எவ்வளவு தேடியும் தொண்டையில் அது இல்லை. எனக்கு யாரும் அதைப் போட்டு வைக்கவில்லை. வேறு ஒன்றும் தோன்றாமல், உரித்து வைத்திருந்த தட்டை அவள் பக்கம் தள்ளினேன். "இந்தா" என்றேன். அவள் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கே சிரிப்பு வந்துவிடும் போல இருந்தது.

"எனக்குக் கோவம் வருது" என்றேன். "ரொம்ப வருது. ஆனா நீ வந்து சொன்னதுக்கு இல்ல. அது வேற."

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். பிறகு ஒவ்வொரு மல்லாட்டையாக எடுத்துத் தின்றாள். எந்த எந்தத் தாள், எங்கே புரியாமல் போனது, யாரிடம் கேட்க வெட்கப்பட்டாள் என்பதெல்லாம் தின்றுகொண்டே வந்தது. அந்த மூன்று தாள்களையும் அவள்தான் திரும்ப எழுத வேண்டும். படிக்கிற நேரத்துக்குக் கைபேசி என் அலமாரியில் இருக்கும். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. செய்ததற்கு உள்ளது அவளுக்கு உண்டு. வந்ததற்கு ஒன்றும் இல்லை. இந்த இரண்டையும் பிரித்து வைக்கத்தான் நமக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு உங்களை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெல்ட்டை மறக்கவில்லை. அதைவிட, அந்தத் தோல்பட்டையை ஆணியில் மாட்டிய நிதானத்தை மறக்க மாட்டேன். நான்கு நாள் நெஞ்சு வலியை உங்களை மறைக்க வைத்ததற்காக என்னையும் விடப் போவதில்லை. இரண்டு வழக்கும் அப்படியே இருக்கட்டும். உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, நாய்க்கு நீங்கள் கொடுத்த அந்த மைதானத்துப் பொறுமை. எனக்கென்று அது வரவில்லை. வேலிக்கு வெளியே நின்று திருடிக்கொண்டேன். திருடியதை இனி விடுவதாக இல்லை.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மத்தியானம் வகுப்பில் இருந்தபோது போன் வந்தது. யாழினி. "ப்பா, மேம்பாலத்துக்குக் கீழ வண்டிய ஒரு ஆட்டோ மேல இடிச்சுட்டேன். எனக்கு ஒண்ணும் ஆவல. அவருக்கும் ஒண்ணும் ஆவல. தப்பு எம்மேலதான்பா, போன்ல பேசிக்கினே ஓட்டிட்டேன்." அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. ஆட்டோக்காரர் மேல் போட்டிருந்தால் நான் நம்பியிருப்பேன். நான் எல்லோரையும் பற்றிக் கெட்டதாகவே நம்புகிறவன்.

"அங்கயே இரு, வர்றேன்" என்றேன். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனேன். அவள் எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை வாசலில், வளைந்த ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஆட்டோக்காரர் அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்திருந்தார். என்னைப் பார்த்ததும், நான் சாலையைக் கடக்கும் வரை காத்திருக்காமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்காமல், ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க என்னிடம் ஓடி வந்தாள். ரோட்டைப் பார்த்து வரத் தெரியாதா என்று வாய் வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். அதைச் சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம். அவள் வந்து சேர்ந்திருந்தாள்.